குண்டான் வைத்த இடம்

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டியதுதான். பெரம்பூரில் பஸ் ஏறும்போதே சம்பந்தம் அதைத் தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்தார். பொய் என்பது அவருக்குக் கைவராத சங்கதி. தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து தலை நரைத்த மனிதர், டீ குடிக்க எழுந்தால்கூட வரிசையில் நிற்பவர்களிடம் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று ஒப்பித்துவிட்டுப் போனவர். அதனால் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தார். இல்லைம்மா, இது எங்கப்பா வரைஞ்சது இல்லை. சத்தம் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். காலையில் செருப்பை மாட்டும்போது அம்மா வேதவல்லி உள்ளறைக் கட்டிலிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள், அந்தப் படமா இருந்துச்சுன்னா இல்லைன்னு சொல்லிட்டு வந்துடு சம்பந்தம். ஊரே வந்து நின்னு பாக்கற எடத்துல மாட்டி வெச்சு, கீழ அவரு பேரையும் போட்டா, பாக்கறவன் கேக்க மாட்டானா நடுவுல அது என்ன கறைன்னு. பாக்கறவங்களுக்கு என்னம்மா தெரியப் போவுது என்றார் இவர். எனக்குத் தெரியுமே என்றாள் அம்மா. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. சரி என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்கினார். அம்மாவுக்குக் கண் மங்கி இரண்டு மூன்று வருஷமாகிறது, தலையாட்டியது தெரிந்திருக்காது என்று தெருமுனையில்தான் உறைத்தது. திரும்பிப் போய் வாசலில் நின்று, "சரிம்மா" என்று வாயால் சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

இப்போது அருங்காட்சியகத்தின் மாடிக் கூடத்தில், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். படம் பார்க்க வந்தவர் உட்காருகிற லட்சணம் அது. கூடத்தில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருக்கிறது, பார்வையாளர் யாருமில்லை. மற்ற படங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியிருந்தது, இவருக்காக அந்த ஒன்றை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். தரையில் பினாயில் வாசனை, அதற்கடியில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. ரெஜினா, இங்கே படங்களைப் பற்றிய விவரம் திரட்டுகிற பெண், நல்ல பெண், வந்ததும் நாற்காலி வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இந்தப் படத்தைப் பத்தி எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை சார் என்றாள். வரைந்தவர் பெயர் தெரியாது, தலைப்பு தெரியாது, வருஷம் தெரியாது, ஹார்ட்போர்டில் எனாமல் பெயின்ட் என்பது மட்டும் தெரியும். பம்பாயில் இருந்த ஒரு ரயில்வே அதிகாரி வீட்டிலிருந்து வந்த படம். அவர் காலமான பிறகு பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள். வரைந்தது பெரம்பூர்க்காரர், ஏகாம்பரமோ என்னவோ என்று அவர்கள் சொன்ன அரைகுறைப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, ரயில்வே பென்ஷன்காரர்கள் சங்கத்தில் விசாரித்து, அங்கே ஒரு பெரியவர் டிராயிங் ஆபீஸ் ஏகாம்பரமா, அவன் பையன் தபால் ஆபீஸ்ல இருந்தானே என்று சொல்ல, இப்படியாக இவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். நாங்க தற்காலிகமா 'கரும் சூரியன்'னு பேர் வெச்சிருக்கோம் சார், நடுவுல ஒரு கறுப்பு வட்டம் இருக்கு பாருங்க, அதுதான் படத்தோட உயிரே. அப்படிச் சொன்னாள். உயிரே என்றாள். மேடத்தைக் கூட்டிட்டு வரேன், நீங்க பொறுமையா பாருங்க, அவசரமே இல்லை என்று போயிருக்கிறாள். அவசரமில்லாதவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே மரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். முதுகில் ஏதோ சூடு படுகிற மாதிரி இருந்தது, படம் எங்கேயாவது சுடுமா, பிரமை. கூடத்துக்குள் வரும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிட்டது, நீலம், நிறைய நீலம், ரயில் பெட்டி ஜன்னல்கள் மாதிரி கட்டம் கட்டமாக நீலம், நடுவில் அது. அதுதான். அந்த நீலத்தை அவர் மறப்பாரா, அந்த நீலம் பூசிய தூரிகையை மண்ணெண்ணெயில் அலசிக் கொடுத்த பிள்ளை அல்லவா. சின்ன குவார்ட்டர்ஸ், ஒரு அறை, ஒரு சமையலறை. ஈசல் ஸ்டாண்டு எல்லாம் எங்கே வைக்க. அப்பா ஹார்ட்போர்டைத் தரையில் போட்டு, குந்திக்கொண்டு, சுற்றிச் சுற்றி நகர்ந்து வரைவார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தால் சோறு ஆகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். சோறு ஆனதும் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு அதே இடத்தில் பலகையைப் போடுவார்கள். குண்டான் வைக்கிற பலகை. பலகை மேல் வைக்கோலை முறுக்கிச் சுற்றிய பிரிமணை, பிரிமணை மேல் குண்டான், சுற்றி மூன்று தட்டு. தினமும் அதே இடம், அதே வரிசை, பிரிமணை பிய்ந்த பிறகு வெறும் பலகை மேலேயே. அன்றைக்குக் கரன்ட் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. யோசித்துப் பார்த்தால் உலகத்தில் வேறு ஒன்றுமே நடக்கவில்லை, கரன்ட் போயிற்று. அப்பா மெழுகுவத்தி வாங்க இறங்கிப் போயிருந்தார். போர்டு தரையிலேயே கிடந்தது. அம்மா மரத்தூள் அடுப்பிலிருந்து இறக்கிக் கஞ்சி வடித்த குண்டானைத் துணியால் பிடித்துக்கொண்டு இருட்டில் வந்தாள், காலால் தடவிப் பார்த்தாள், பலகை மாதிரி தட்டுப்பட்டது, வைத்தாள். ஒரு சீறல் சத்தம். இவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், ஒன்பது வயசு. அந்த நாற்றம், எனாமல் பெயின்ட் தீய்கிற நாற்றம், அதோடு சூடான சோற்றின் வாசனை, இரண்டும் ஒன்றாக. இன்றைக்கும் தெருவில் எங்கேயாவது கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால் சம்பந்தத்துக்குப் பசிக்கும்.

அப்பா மெழுகுவத்தியோடு வந்து குனிந்து பார்த்தார். குண்டானைத் தூக்கினால் பெயின்ட்டும் கூடவே உரிந்துகொண்டு வந்தது. அடிக்கரி அப்படியே வட்டமாக ஒட்டிக்கொண்டது. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அப்பா அடிக்கிற ஜாதி இல்லை. "அடியில ஒரு பிரிமணை போட்டு வெக்கக் கூடாதா வேதா" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று சம்பந்தம் எத்தனையோ தடவை ஞாபகத்தில் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். அம்மாவுக்குப் பயம், பயத்தில் வாய் எகிறிவிட்டது. "இருந்த பிரிமணை பிஞ்சு எத்தினி நாளாவுது, வாங்கியாரச் சொன்னா காதுல வாங்கினாதானே. நீங்கதான் பெரிய வரையறவராச்சே, ஒண்ணு வரைஞ்சு போட்டுக்குங்க." சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் குண்டான் வெறும் தரையில் இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ரசம் இருந்ததா குழம்பா என்பது நினைவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரமோ பத்து நாளோ. அப்பா போர்டை மடியில் சாய்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டே இருந்தார், எழுந்தால் போர்டைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். சுரண்டறாரு போல என்று அம்மா இவரிடம் கிசுகிசுத்தாள், சுரண்டினா போயிடுமாடா. போயிடும்மா என்றார் இவர், பெரிய மனுஷன் மாதிரி. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா போயிருந்தார். இரண்டு சட்டை, தூரிகைகள், போர்வையில் சுற்றிய அந்தப் போர்டு. வீட்டில் எத்தனை படம் கிடந்தது, நல்ல படம், கறை படாத படம், அதையெல்லாம் விட்டுவிட்டு வீணாய்ப்போன அந்த ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் என்ன அர்த்தம். சொந்தக்காரர்கள் ஒரே அர்த்தம்தான் சொன்னார்கள். புருஷன் படத்து மேல குண்டான வெச்சுத் துரத்திட்டா என்று கல்யாண வீட்டில், காரிய வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்கள். குண்டான்காரி என்று ஒரு பட்டப்பெயரும் ஆயிற்று. பம்பாயில் செத்துப்போனார் என்று சில வருஷம் கழித்து ஒருத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஜாக்கெட் தைத்து இவரைப் படிக்கவைத்தாள். ஆனால் பிரிமணை வாங்குவதை மட்டும் விடவில்லை. எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் பொம்மைக் கடையைத் தாண்டிப் போய்ப் பிரிமணைதான் வாங்குவாள். வைக்கோலில், தேங்காய் நாரில், பனையோலையில். ஆணியில் ஒன்று, பரணில் ஒன்று, கட்டிலுக்கு அடியில்கூட ஒன்று. இப்போது கண் தெரியாவிட்டாலும் மருமகள் டீ டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டாலே, அடியில ஏதாவது போட்டியாம்மா என்பாள். பேரப்பிள்ளைகளுக்குச் சிரிப்பு. சம்பந்தம் ஒரு நாளும் சிரித்ததில்லை. சிரிக்காததும் நல்லதனத்தினால் அல்ல. உள்ளே ஒரு குரல் வேறு சொல்லிக்கொண்டே இருக்கும், இப்பப் போட்டு என்ன பிரயோஜனம், அன்னிக்குப் போட்டிருக்கணும். வாய்விட்டு ஒரு தடவை சொல்லியும் இருக்கிறார், கல்யாணத்துக்கு முன்னால், தாலி கட்டும்போது அப்பா இடத்தில் யார் நிற்பது என்ற பேச்சு வந்தபோது. அம்மா ஆமாண்டா என்றாள். அந்த ஆமாண்டா இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

மேடம் இன்னும் வரவில்லை. கீழே யாரோ ஏணியை இழுக்கிற சத்தம். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார், போகலாம், யார் தடுக்கப் போகிறார்கள், ஆனால் அந்தப் பெண் இவ்வளவு தூரம் அலைந்திருக்கிறாளே. பார்க்காமலே இல்லை என்று சொன்னால் அது இரட்டைப் பொய். பார்த்துவிட்டுச் சொன்னால் ஒரு பொய்தான். தபால் ஆபீஸ் புத்தி இப்படித்தான் கணக்குப் போட்டது. எழுந்தார், முட்டி கடகடத்தது, திரும்பினார். ஜன்னல் வெளிச்சம் எனாமலில் பட்டுக் கூசியது. கறுப்பு வட்டம் மட்டும் கூசவில்லை. அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னது. மூன்று பேருக்குச் சோறு, குண்டான் எவ்வளவு பெரிசாக இருக்கும். அதைச் சுற்றி மஞ்சள். இந்த மஞ்சள் எப்போது வந்தது, அப்போது மஞ்சள் கிடையாதே, நீலமும் கொஞ்சம் வெள்ளையும்தான், மஞ்சள் டப்பாவை அப்பா வாங்கியதாகவே நினைவில்லை. இதைத்தான் சூரியன் என்கிறார்கள் போலிருக்கிறது, கதிர்கள். தடுப்புக் கயிறு வரைக்கும் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கதிர் வெளியே பாயும், இது பாயவில்லை. கறுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. ஒரு இழை மேலே ஏறி அடுத்த இழைக்கு அடியில் நுழைகிறது, அது இன்னொன்றுக்கு மேலே. முறுக்கு. வைக்கோல் நிறத்தில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு இழையாக முறுக்கி, கடைசியில் நுனியை உள்ளே செருகி, செருகியது போதாமல் ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிரிமணையிலும் அப்படி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பாள், அது வெளியே வந்துகொண்டே இருக்கும். சம்பந்தம் தன்னை அறியாமல் கையை நீட்டிவிட்டார், படத்தைத் தொடக் கூடாது என்ற பலகை கண்ணில் பட்டதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சில இடத்தில் மஞ்சள் கரியின் மேலேயே ஏறியிருந்தது. அப்படியென்றால் கரிக்குப் பிறகு வரைந்தது. சுரண்டவில்லை. அந்த ஒரு வாரமோ பத்து நாளோ சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அந்த மனுஷன் சுரண்டவே இல்லை. ஒண்ணு வரைஞ்சு போட்டுக்குங்க என்று அம்மா சொன்னாள். வரைந்து போட்டிருக்கிறார்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார், இந்தத் தடவை படத்தைப் பார்த்து. குத்திக்காட்ட வரைந்ததாக இருக்குமோ. இந்தா, நீ கேட்ட பிரிமணை, வெச்சுக்கோ என்று. குத்திக்காட்டுகிறவன் இத்தனை இழை முறுக்குவானா. கோபத்தில் இருப்பவன் வெளியே நீட்டுகிற அந்தத் துண்டை ஞாபகம் வைத்துக்கொண்டு வரைவானா. சிரித்துக்கொண்டேதான் வரைந்திருப்பார் என்று தோன்றியது, அப்பா சிரிக்கும்போது தோள் மட்டும் குலுங்கும். அந்த நாட்களில் பின்னாலிருந்து பார்த்தபோது தோள் குலுங்கியதே, அழுகிறார் என்றல்லவா நினைத்தோம். அல்லது அழுதுதான் இருப்பாரோ. சரி, அப்படியானால் ஏன் போனார். கறைக்காகப் போகவில்லை என்றால் எதற்காகப் போனார். வேறு எதற்காகவோ. ஆபீஸ், கடன், பொம்பளை, பம்பாய், படம், என்ன எழவோ. அது எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், அம்மா வைத்த குண்டான் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கினாற்போல இருந்தது. இறங்கிய சுவட்டிலேயே சுரீரென்று கோபம் வந்தது. வரைந்தாரே, காட்டினாரா. போர்டை ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்பி, வேதா, இங்க பாரு என்று ஒரு வார்த்தை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அதற்கு. மன்னிப்பை வரைந்து போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் பம்பாயில் எவனுக்கோ விற்றுவிட்டு, இங்கே ஒருத்தி பந்தி பந்தியாகப் பேச்சு வாங்கிக்கொண்டு, திருவிழா திருவிழாவாகப் பிரிமணை வாங்கிக்கொண்டு. நீ கலைஞனா அப்பா, நீ ஒரு படுபாவி. படத்தைப் பார்த்தே மனசுக்குள் திட்டினார். திட்டி முடித்ததும் தன் முறை வந்தது. அவராவது காட்டாமல் போனார், நீ என்ன பண்ணினே சம்பந்தம். அந்த ஒரு வார்த்தை. அப்பாவுக்குப் பதிலாகக் கூடவே இருந்து குத்திக்காட்டியது நீதானே. வெட்கமாக இருந்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

ரெஜினா தனியாகத்தான் வந்தாள். "மேடம் வர நேரமாகும் போல சார். உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா? அப்பா வரைஞ்சதுதானா?" என்று கேட்டுவிட்டு, இவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்லைன்னாலும் பரவாயில்லை சார்."

இல்லைம்மா என்று ஆரம்பிக்கிற வாக்கியம் பஸ்ஸிலேயே தயாராகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொடுத்துவிட்டால் வாசலில் நின்று சொன்ன சரிம்மாவுக்கு மரியாதை. "ஒரு நிமிஷம்மா. வீட்ல ஒருத்தங்களைக் கேக்கணும்" என்றார். போனை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினார். மனைவி எடுத்தாள், அம்மா காதில் வைத்தாள், அம்மா எப்போதும் போல முதலில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டாள்.

"இல்லைன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லைம்மா. அந்தப் படம்தான். கிட்ட போய்ப் பாத்தேன்."

"நல்லாத் தெரியுதா கறை?"

"தெரியுது. அதைச் சுத்தி அப்பா பிரிமணை வரைஞ்சிருக்காரும்மா."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தார். "அம்மா, கேக்குதா? சுரண்டலை அவரு. நீ சொன்னியே, ஒண்ணு வரைஞ்சு போட்டுக்குங்கன்னு. போட்டிருக்காரு."

"எதுல?" என்றாள் அம்மா. "நாரா, வைக்கோலா?"

"வைக்கோல்."

"நுனி?"

"வெளிய நீட்டிக்கிட்டிருக்கு."

அம்மா ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பா இருமலா என்று இவருக்கு விளங்கவில்லை, பின்னால் மனைவி தண்ணி வேணுமா என்று கேட்பது கேட்டது. "நான் கோணலா வெச்சேனேடா" என்றாள் அம்மா. "இருட்டுல ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி, கோணலாத்தான் வெச்சேன்."

சம்பந்தம் எழுந்து படத்துப் பக்கம் போனார். பொய் சொல்லத் தெரியாதவர், ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "ஆமாம்மா, கோணலாத்தான் இருக்கு. பிரிமணையையும் அந்தக் கோணலுக்கே வரைஞ்சிருக்காரு. குண்டான் ஆடாம உக்காந்திருக்கு."

மறுபடி மூச்சு மட்டும். அந்த மூச்சை அவர் சின்ன வயசிலிருந்து அறிவார், தையல் மிஷினுக்கு மேல் குனிந்து ஊசியில் நூல் கோக்கும்போது அம்மா அப்படித்தான் மூச்சு விடுவாள். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் சொன்னதைப் பற்றியது. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, வீட்டுக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.

"அப்ப அவரு பேரைப் போடச் சொல்லு" என்றாள் அம்மா. "கறைன்னு மட்டும் யாரும் எழுதிடக் கூடாது."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சம்பந்தம் திரும்பினார். ரெஜினா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா வரைஞ்சதுதாம்மா. ஏகாம்பரம்" என்றார். "ஆனா இது சூரியன் இல்லை. சுத்தி இருக்கறதுதான் எங்கப்பா வரைஞ்சது. நடுவுல இருக்கறது எங்கம்மா வெச்சது."